குரங்கு தந்த மருந்து. கூடவே வந்த கிருமி!

இரண்டே இரண்டு சொட்டு!

தாய் குழந்தையை மடியில் கிடத்திக்கொள்கிறாள். நர்ஸ் அதன் வாயைத் திறந்து இரண்டு சொட்டு மருந்து விடுகிறாள். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. அவ்வளவுதான்! எல்லாத் தவணையும் தவறாமல் கொடுத்துவிட்டால், இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நோய் அந்தக் குழந்தையை அண்டாது.

ஒரு காலத்தில் கால் சூம்பிய பிள்ளை இல்லாத தெருவே இல்லை. இன்று அந்தக் காட்சி மறைந்துவிட்டது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் கடைசியாக நோய் கண்டது 2011-ம் ஆண்டு ஜனவரியில், மேற்கு வங்காளத்துக் குழந்தை ஒன்றுக்கு. 2014-ம் ஆண்டு மார்ச்சில், போலியோ ஒழிந்த நாடு என்ற சான்று இந்தியாவுக்குக் கிடைத்தது.

இந்த வெற்றிக்கு டாக்டர்கள் உழைத்தார்கள். நர்சுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

இன்னொரு ஜீவனும் இதற்காக உயிரைக் கொடுத்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, லட்சக் கணக்கில் கொடுத்தது.

அது எது? குரங்கு!

குரங்கு மனிதனுக்கு மருந்து தந்தது. ஆனால், குரங்கின் உடம்பில் குடியிருந்த கிருமிகளும் அதோடு சேர்ந்து வந்தன. அவை செய்த வேலை என்ன? அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யார்? கண்டபிறகும் வாய் திறக்காதவர்கள் யார்? இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

வீட்டு நாயும் வெளி ஆளும்

வைரஸ் என்பது மிக மிகச் சிறிய கிருமி. சாதாரண பூதக்கண்ணாடியால் அதைப் பார்க்க முடியாது. அது தானாக வாழாது. வேறு ஒரு உயிரின் உடம்புக்குள் புகுந்தால்தான் பெருகும்.

மனிதனுக்குச் சளியும் அம்மையும் வருவதுபோல, ஒவ்வொரு பிராணிக்கும் அதற்கென்று சில வைரஸ்கள் உண்டு. குரங்குக்கும் உண்டு. பல்லாயிரம் தலைமுறையாக அவை குரங்கோடு பழகிப் போனவை. குரங்கின் உடம்பும் அவற்றை அடக்கி வைக்கக் கற்றுக்கொண்டது. அதனால் குரங்கு பார்ப்பதற்கு நோய் நொடி இல்லாமல் இருக்கும். தின்னும், தாவும், குட்டி போடும்.

வீட்டு நாய் வீட்டாரைக் கடிப்பதில்லை. முன்பின் தெரியாத ஆள் உள்ளே வந்தால் பாய்ந்து குதறிவிடும். இந்தக் கிருமிகளும் அப்படித்தான். குரங்குக்குள் சாதுவாகப் படுத்திருக்கும். மனித உடம்புக்குள் போனால் சில கிருமிகள் வெறி கொண்டு பாயும்.

மனிதன் மட்டும் என்ன, ஒரு வகைக் குரங்கின் கிருமி இன்னொரு வகைக் குரங்கையே கொன்றுவிடும்! ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வைரஸ், அமெரிக்க ஆராய்ச்சி நிலையங்களில் ஆசியக் குரங்குகளுக்குத் தொற்றியது. அவற்றுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் வந்தது. 1985-ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு சிறு கடி

1932-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம்.

வில்லியம் பிரெப்னர் என்ற இளம் டாக்டர் போலியோ ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். ஆராய்ச்சிக்காக வைத்திருந்த குரங்கு ஒன்று அவர் கையில் கடித்துவிட்டது. சிறிய காயம். குரங்குக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சில நாட்களில் டாக்டர் படுத்த படுக்கை ஆனார். கால்கள் மரத்தன. மரப்பு மேலே மேலே ஏறியது. கடைசியில் மூச்சுவிட முடியவில்லை. கடிபட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவர் இறந்துவிட்டார்.

அதே நகரில் இன்னொரு இளம் டாக்டர் இருந்தார். இறந்தவரின் உடலில் இருந்து எடுத்த பொருளை அவர் ஆராய்ந்தார். அதில் ஒரு புதிய வைரசைக் கண்டார். 1934-ம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கிருமிக்கு 'பி' வைரஸ் என்று பெயர் வந்தது. பிரெப்னரின் பெயரின் முதல் எழுத்துதான் அது.

ஆராய்ந்த அந்த இளைஞர் யார் தெரியுமா? ஆல்பர்ட் சாபின்! பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்தை உலகுக்குத் தந்த அதே சாபின்தான்.

ஆகவே, குரங்கின் கிருமி எவ்வளவு கொடியது என்பது 1934-ம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அப்படி இருந்தும், பிறகு நடந்தது என்ன?

காட்டில் இருந்து கூண்டுக்கு

1955-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி. ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பு ஊசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு அமெரிக்காவில் வெளியானது. மாதா கோவில் மணிகள் ஒலித்தன. பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்.

இந்த மருந்து எப்படித் தயாரானது? போலியோ கிருமியை முதலில் வளர்க்க வேண்டும். அதற்கு உயிருள்ள திசு வேண்டும். குரங்கின் சிறுநீரகத்தை எடுத்துப் பொடியாக நறுக்கி, சத்து நீரில் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார்கள். அதில் போலியோ கிருமியை விட்டுப் பெருக்கினார்கள். பிறகு பார்மலின் ஊற்றிக் கிருமியைக் கொன்றார்கள். கொன்ற கிருமியே ஊசி மருந்து.

இதற்கு ஏராளமான குரங்குகள் தேவைப்பட்டன. அவற்றில் மிகப் பெரும் பகுதி எங்கிருந்து போயிற்று? வட இந்தியாவில் இருந்து! செம்முகக் குரங்குகளை வலை போட்டுப் பிடித்து, கூண்டில் அடைத்து, விமானத்தில் ஏற்றினார்கள்.

பாதி வழியில் பல செத்தன. 1955-ம் ஆண்டில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக் கணக்கான இந்தியக் குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டன. செய்தி கேட்டு மக்கள் கொதித்தார்கள். இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தது.

நெருக்கி அடைத்ததால் வந்த தீமை இதோடு முடியவில்லை. காட்டில் கிருமி இல்லாமல் திரிந்த குட்டிக்கும், கூண்டில் கிருமி தொற்றியது. பயந்துபோன குரங்குகள் ஒன்றை ஒன்று கடித்தன. ஒன்றிடம் இருந்தது பலவற்றுக்குப் பரவியது.

நாற்பதாவது கிருமி

குரங்கின் சிறுநீரகத்தில் வைரஸ்கள் மறைந்திருப்பது தெரிந்ததுதான். தெரியத் தெரிய அவற்றுக்கு எண் கொடுத்து வந்தார்கள். 1960-ம் ஆண்டில், பென் ஸ்வீட், மாரிஸ் ஹில்லமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு புதிய கிருமியைப் பற்றி அறிவித்தனர். அதுவே எஸ்.வி. 40. குரங்கு வைரஸ் வரிசையில் நாற்பதாவது.

அதுவரை அது கண்ணில் படாதது ஏன்? இந்தியக் குரங்கின் திசுவில் அது சத்தம் இல்லாமல் இருந்தது. அதே நீரை ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் திசுவில் விட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்தத் திசுவின் அணுக்களில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது!

இன்னும் ஒரு திடுக்கிடும் செய்தி. பார்மலின் போலியோ கிருமியைக் கொன்றது. இந்தக் கிருமியை முழுவதும் கொல்லவில்லை. எனவே, 1955 முதல் குழந்தைகளுக்குப் போட்ட ஊசிகள் சிலவற்றில் எஸ்.வி. 40 உயிரோடு இருந்தது!

1955 முதல் 1963 வரை அமெரிக்காவில் 9 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் போலியோ மருந்து பெற்றார்கள். அவர்களில் 1 கோடியில் இருந்து 3 கோடிப் பேர் வரை இந்தக் கிருமி கலந்த மருந்தைப் பெற்றிருக்கக்கூடும் என்பது மதிப்பீடு.

ஒரு பெண்மணியின் எச்சரிக்கை

பெர்னிஸ் எடி என்ற பெண் விஞ்ஞானி அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மருந்து நல்லதா என்று சோதிப்பது அவருடைய பொறுப்பு.

1954-ம் ஆண்டில் ஒரு கம்பெனி அனுப்பிய போலியோ மருந்தைக் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்தார். குரங்குகளுக்கு வாதம் கண்டது! மருந்தில் போலியோ கிருமி சாகாமல் இருக்கிறது என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனியின் மருந்தால் 200 பேருக்கு வாதம் வந்தது. 10 பேர் இறந்தார்கள்.

வாயில்லாக் குரங்குகள் தங்கள் கால்களால் எச்சரித்தன. மனிதர்கள் கேட்கவில்லை.

எடி அம்மையார் ஓயவில்லை. 1959-ம் ஆண்டில் குரங்குச் சிறுநீரகத் திசுவின் சாற்றை ஹாம்ஸ்டர் என்னும் எலி இனத்துச் சிறு பிராணிகளுக்கு ஊசியால் ஏற்றினார். அவற்றின் உடம்பில் கட்டிகள் கிளம்பின. இதை 1960-ம் ஆண்டில் ஒரு கூட்டத்தில் சொன்னார்.

பரிசு கிடைத்ததா? இல்லை. மேலதிகாரி கண்டித்தார். அவருடைய ஆராய்ச்சிக் கூடம் பறிபோனது.

ஆனால், உண்மையைப் பூட்டி வைக்க முடியுமா? கட்டிகளை உண்டாக்கியது எஸ்.வி. 40 தான் என்பது 1962-ம் ஆண்டில் அவருடைய ஆராய்ச்சியாலேயே நிலைநாட்டப்பட்டது.

புதிதாகத் தயாராகும் மருந்தில் இந்தக் கிருமி இருக்கக் கூடாது என்று 1961-ம் ஆண்டில் அமெரிக்க அரசு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், ஏற்கெனவே கையிருப்பில் இருந்த மருந்தைத் திரும்பப் பெறவில்லை. 1963-ம் ஆண்டு வரை அது புழக்கத்தில் இருந்தது. போலியோ பயம் ஒரு பக்கம். மருந்தின்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை போய்விடுமோ என்ற கவலை மறு பக்கம்.

அந்த மருந்தால் மனிதருக்குப் புற்றுநோய் வந்ததா? பல ஆண்டுகளாக லட்சக் கணக்கானவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மருந்து போட்டவர்களிடம் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 2002-ம் ஆண்டில் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இதை ஆராய்ந்தது. வந்தது என்று சொல்லவும் சான்று போதாது, வரவில்லை என்று அடித்துச் சொல்லவும் சான்று போதாது என்று கூறிவிட்டது.

பெரிய ஆபத்து நேரவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால், அது அதிர்ஷ்டத்தால் கிடைத்த ஆறுதல், எச்சரிக்கையால் கிடைத்ததல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டியவன், தாண்டிவிட்டதால் மட்டும் புத்திசாலி ஆகிவிட மாட்டான்!

ஜெர்மனியில் ஒரு கொள்ளை நோய்

இந்தியக் குரங்கில் எஸ்.வி. 40 இருக்கிறதா? சரி, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கை வைத்து மருந்து செய்வோம் என்று திரும்பினார்கள். அதற்கு இயற்கையாக எஸ்.வி. 40 கிடையாது.

1967-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மார்பர்க், பிராங்க்பர்ட் நகரங்களிலும், யுகோஸ்லாவியாவில் பெல்கிரேடிலும் சிலருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல். உடம்பில் இருந்து ரத்தம் கசிந்தது. 31 பேருக்கு நோய் கண்டது. 7 பேர் இறந்தார்கள்.

முதலில் நோய் கண்டவர்கள் யார்? உகாண்டாவில் இருந்து வந்த பச்சைக் குரங்குகளின் சிறுநீரகத்தை அறுத்து எடுத்த தொழிலாளிகள்! கூண்டைக் கழுவியவர்கள், கண்ணாடிப் பாத்திரம் துலக்கியவர்கள்! அவர்களைக் கவனித்த சில டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும்கூட நோய் தொற்றியது.

அந்தக் கிருமிக்கு மார்பர்க் வைரஸ் என்று ஊரின் பெயரையே வைத்தார்கள். ஆனால், அது குரங்கின் சொந்தக் கிருமி அல்ல. உகாண்டாக் குகையில் வாழும் பழந்தின்னி வௌவால்களில் அது இருக்கிறது என்று 2009-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி சொல்லியது. பாவம், குரங்கும் நோயாளிதான்! பழி மட்டும் அதன்மேல் விழுந்தது.

கூலிக்கு வேலை செய்தவர்கள்

மருந்து கண்டுபிடித்தவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குரங்குக்குத் தீனி வைத்தவரின் பெயர் எங்கே இருக்கிறது?

'பி' வைரஸ் 1932-க்குப் பிறகு உலகம் முழுவதும் சுமார் 50 பேரைப் பிடித்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தனர். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால், அவர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சிக்கூட ஊழியர்கள்.

1987-ம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சகோலா என்னும் ஊரில் குரங்கு பராமரிக்கும் வேலையாட்களுக்கு இந்த நோய் வந்தது. ஒருவரின் மனைவி, கணவரின் புண்ணுக்குக் களிம்பு தடவினார். அதே களிம்பைத் தம் கையில் இருந்த சிரங்குக்கும் தடவிக்கொண்டார். அவருக்கும் தொற்றிவிட்டது! நல்லவேளையாக உடனே மருந்து கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

1997-ம் ஆண்டில் அட்லாண்டா நகரில் இன்னொரு துயரம். 22 வயதுப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். குரங்கு அவளைக் கடிக்கவில்லை. கூண்டில் இருந்து ஒரு துளி அசுத்த நீர் கண்ணில் தெறித்தது. சில வாரத்தில் அவள் இறந்தாள். அதன்பின் குரங்கின் அருகே போகிறவர்கள் கண்ணுக்கும் கவசம் அணிய வேண்டும் என்ற விதி கடுமையாயிற்று.

ஒரு உயிர் போன பிறகுதான் ஒரு விதி பிறக்க வேண்டுமா?

மனிதன் கற்ற பாடம்

கற்றுக்கொண்டதும் உண்டு. அதையும் சொல்வதுதான் நியாயம்.

காட்டுக் குரங்கைப் பிடித்து வந்து அப்படியே பயன்படுத்தும் வழக்கம் குறைந்தது. பல நிலையங்கள் குரங்குகளைத் தாங்களே வளர்க்கின்றன. குட்டிகளைச் சோதித்து, கிருமி உள்ளவற்றைத் தனியே பிரித்து, 'பி' வைரஸ் இல்லாத கூட்டங்களை உருவாக்கியிருக்கிறார்கள். புதிதாக வரும் குரங்கைத் தனி இடத்தில் வைத்துக் கவனித்த பிறகே சேர்க்கிறார்கள்.

இந்தியாவும் விழித்துக்கொண்டது. மருத்துவத்துக்கு என்று அனுப்பிய குரங்குகளை அமெரிக்காவில் ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தி வெளியானது. 1978-ம் ஆண்டு ஏப்ரலில் இந்தியா குரங்கு ஏற்றுமதியை அடியோடு நிறுத்திவிட்டது.

எல்லாவற்றையும் விட அருமையான மாற்றம் ஜப்பானில் தொடங்கியது. 1962-ம் ஆண்டில், சிபா பல்கலைக் கழகத்து விஞ்ஞானிகள் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து அணுக்களை எடுத்து வளர்த்தார்கள். அவை வளர்ந்துகொண்டே இருந்தன. இன்றும் வளர்கின்றன! உலகின் பல மருந்துச் சாலைகள் அந்த அணுக்களின் வழித்தோன்றல்களை வைத்துத்தான் போலியோ மருந்து செய்கின்றன. ஒவ்வொரு முறையும் புதுக் குரங்கைக் கொல்ல வேண்டியதில்லை. ஒரே வகை அணு என்பதால், கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டியே நன்றாகச் சோதிக்கவும் முடிகிறது.

அந்த அணுக்களுக்கு வைத்த பெயர் 'வெரோ'. 'பச்சைச் சிறுநீரகம்' என்பதற்கான எஸ்பரான்டோ மொழிச் சொற்களின் சுருக்கம் அது. அந்த மொழியில் 'வெரோ' என்றாலே இன்னொரு பொருளும் உண்டு. 'உண்மை' என்பதே அது!

குற்றவாளி யார்?

இந்தக் கதையில் குற்றவாளி யார்? குரங்கா? அது தானாக வந்து கூண்டில் ஏறவில்லை. கிருமியா? அது தன் இயல்புப்படி இருந்தது. மருந்தா? அது கோடிக் கணக்கான பிள்ளைகளை நடக்க வைத்தது.

அவசரம்தான் குற்றவாளி. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்ட அவசரம். அதைவிடப் பெரிய குற்றவாளி, பார்த்தவரின் வாயை அடைத்த அதிகாரம்.

உண்மையைச் சொன்னால் மக்கள் மருந்தை நம்ப மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. மறைத்தது பின்னால் தெரியவரும்போதுதான் நம்பிக்கை சாகிறது. ஒரு வதந்தி கிளம்பினால், பழைய மறைப்பு அதற்குச் சிறகு கொடுத்துவிடுகிறது. "இதில் இன்ன குறை இருந்தது. கண்டோம். களைந்தோம்" என்று சொல்லும் டாக்டரைத் தாய் நம்புவாள்.

அந்தத் தாய் அறிய வேண்டியது இதுதான்: எஸ்.வி. 40 கதை அறுபது ஆண்டுக்கு முந்தியது. இன்றைய போலியோ மருந்தை அந்தக் கிருமி இல்லை என்று சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். பழைய கதையைக் கேட்டுப் பயந்து குழந்தைக்கு மருந்து கொடுக்காமல் இருப்பது, பாம்பு கிடந்த இடம் என்று பயந்து பாலத்தை விட்டு ஆற்றில் இறங்குவது போல!

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். கோவில்களிலும் மலைகளிலும் குரங்குக்குத் தின்பண்டம் நீட்டுவது பலருக்கு வழக்கம். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க் கடிக்கு உள்ள தடுப்பு ஊசி அதற்கும் தேவைப்படலாம். மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் கடமை உண்டு. குரங்கு இல்லாமல் முடியும் வேலையைக் குரங்கு இல்லாமலே செய்ய வேண்டும். முடியாத இடத்தில் அதை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். கூண்டு கழுவும் தொழிலாளிக்கும் டாக்டருக்குக் கொடுக்கும் அதே கவசத்தைக் கொடுக்க வேண்டும். பெர்னிஸ் எடி போல ஒருவர் எழுந்து "இங்கே ஏதோ தவறு" என்று சொன்னால், உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டு சொட்டு மருந்து மிகச் சிறியது. அதற்குள் பல லட்சம் குரங்குகளின் உயிர் இருக்கிறது. சில தொழிலாளிகளின் உயிரும் இருக்கிறது. அந்தக் கடனைப் பணத்தால் தீர்க்க முடியாது.

கண்டதைக் கண்டபடி சொல்வதுதான் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி!